ஓட ஓடப் பெட்ரோல் ஏறிய கார்

மச்சான்,

என் கட்டைவிரல் நகத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒட்டியிருக்கிறது. மூன்று நாளாயிற்று, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. டீக்கடையில் கிளாசை வாங்கும்போது எல்லோரும் விரலைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் இந்த ஒரு நகத்தை வைத்தே ஒரு மாதம் என்னைக் கேலி செய்திருப்பீர்கள். ஆளில்லாமல் என்னை நானே கேலி செய்துகொள்கிறேன். அதில் ருசியே இல்லை.

பாலிஷ் உங்கள் மகள் கயலுடையது. உங்கள் பழைய காரின் டேஷ்போர்டைக் கழற்றி, எந்த வயர் எதற்கு என்று அடையாளம் வைக்க அதைத்தான் தடவினோம். ஆமாம் மச்சான், அந்த இரண்டு மீட்டர் முள்ளையும் சரி பண்ணிவிட்டேன். கோபப்படுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

அவற்றைக் கெடுத்தவனும் நான்தானே. வல்லத்திராக்கோட்டையில் உங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் கார் நின்றது. பெட்ரோல் முள்ளும் எஞ்சின் சூட்டு முள்ளும் ஒரே நாளில் செத்துப் போயிருந்தன. நீங்கள் திருச்சியில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, இரண்டு மீட்டரைத் துண்டில் சுற்றி, முட்டை கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தீர்கள். உங்கள் கை டேஷ்போர்டுக்கு அடியில் நுழையவில்லை. என் கை நுழைந்தது. எல்லாம் உங்கள் தங்கச்சி சமையலின் புண்ணியம் என்றேன். அவள் காதில் விழும்படி சத்தமாக ஒரு தடவை சொல்லச் சொன்னீர்கள். சீட்டில் மல்லாந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு பார்த்தால் எல்லா வயரும் ஒரே நிறம். அஞ்சாங்கிளாஸ் படித்தவனுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? தெரிந்த மாதிரி மாட்டினேன்.

ஓட்டிப் பார்க்கத் திருவரங்குளம் பக்கம் கிளம்பினோம். பாதி வழியில் நீங்கள் வண்டியை மெதுவாக்கினீர்கள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மாப்ளே, ஓட ஓடப் பெட்ரோல் ஏறுது. ஒன் கைராசி யாருக்கு வரும்?"

எஞ்சின் சூடேறச் சூடேறப் பெட்ரோல் முள் மேலே போனது. பெட்ரோல் குறையக் குறையச் சூட்டு முள் கீழே இறங்கியது. பங்கில் பெட்ரோல் ஊற்றினால், நிற்கிற வண்டி கொதிப்பதாகக் காட்டியது. ஒன்றின் வயரை இன்னொன்றில் மாட்டியிருந்தேன்.

மாற்றிவிடலாம் என்றேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று நீங்கள்தான் தள்ளினீர்கள். அதற்குள் உங்கள் பெரியப்பா மகன், தனக்குப் பெண் பார்க்கக் குடுமியான்மலைக்குப் போகக் காரை வாங்கிக்கொண்டு போனார். ஊரில் யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் சாவிக்கு உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். உங்களுக்கும் இல்லை என்று சொல்ல வராது. அவரிடம் முள் விஷயத்தைச் சொல்ல மறந்தோமா, சொல்லாமல் விட்டோமா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான். ஃபுல் டேங்க் காட்டிய கார் ஊர் எல்லையில் நின்றுபோய், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே தள்ளியிருக்கிறார். திரும்பி வந்து சாவியை உங்கள் மடியில் விட்டெறிந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் கார் கேட்டு வரவில்லை.

அன்றைக்குச் சொன்னீர்கள், "இருக்கட்டும் மாப்ளே. நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம். பெட்ரோல் எவ்வளவு என்று பார்க்கச் சூட்டு மீட்டர், சூடு எவ்வளவு என்று பார்க்கப் பெட்ரோல் மீட்டர். பெட்ரோல் முள் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். இரண்டும் இடம் மாறியிருந்தது மட்டும் நம் இருவருக்குத்தான் தெரியும்.

கடைசிப் பயணத்திலும் அதுதான் நடந்தது. அன்று காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கச் சீட்டில் சாய்ந்திருந்தீர்கள். பின்னாலிருந்து உங்கள் தங்கச்சி தோளைப் பிடித்திருந்தாள். நான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து, பெட்ரோல் இருக்கா என்று கேட்டீர்கள். பயத்தில், பாதி இருக்கு என்றேன். உங்கள் கண் நேராகச் சூட்டு முள்ளில் போய் நின்றது.

"பொய் சொல்லாத மாப்ளே. கால்தான் இருக்கு."

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். கால் டேங்கிலேயே கொண்டுவந்து சேர்த்தேனா இல்லையா என்று உங்களிடம் பீற்றிக்கொள்ளக் காத்திருந்தேன். அதற்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

கார் என் வீட்டுக்கு வந்தது. அது தனக்கு வேண்டும் என்று கோயம்புத்தூரிலிருந்து கயல் கேட்டாள். மீட்டரை மட்டும் சரி பண்ணிக் கொடுங்கள் மாமா என்றாள். ஒரு வருஷம் முழுக்க அவளுக்குக் கதை சொன்னேன். மெக்கானிக்குக் காய்ச்சல் என்றேன், சாமான் கிடைக்கவில்லை என்றேன், மழை என்றேன். உண்மை வேறு மச்சான். முள் சரியாகிவிட்டால் அதைப் பார்த்துச் சொல்ல நான் வேண்டியதில்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்று ஒன்று இருந்ததே, அதுவும் போய்விடும். ஆளைத்தான் விட்டாயிற்று, அதையாவது வைத்துக்கொள்கிறேனே என்று இருந்தேன்.

உங்கள் தங்கச்சி கண்டுபிடித்துவிட்டாள். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவ அப்பா வண்டிய அவளே ஓட்ட முடியாதபடிக்கு வச்சிருக்கீங்களே, இது நல்லாவா இருக்கு?"

சிரித்து மழுப்பினேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதானே.

போன வாரம் கயல் மகனோடு வந்தாள். நான் வயலில் இருந்தபோது சாவியை எடுத்துக்கொண்டு திருவரங்குளம் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். அரை மணி நேரத்தில் போன் வந்தது. இரண்டு கேனில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு பைக்கில் பறந்தேன். பானெட்டைத் திறந்து போட்டிருந்தாள், ஆவி போய்க்கொண்டிருந்தது. உங்கள் பேரன் புளியமர நிழலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. டேங்கிலும் கொஞ்சம்தான் இருந்தது, அதனால் சூட்டு முள் அடியில் கிடந்திருக்கிறது. அதை நம்பி அவள் ஓட்டியிருக்கிறாள்.

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை.

"முள்ளு கீழதான மாமா இருந்துச்சு? அப்பா இதப் பாத்துத்தான ஓட்டுனாங்க?"

பிள்ளை வண்டி பக்கத்தில் நின்றிருந்து, கொதிநீர் தெறித்திருந்தால்? எனக்கு அன்றைக்குச் சிரிக்க வரவில்லை மச்சான். ரோட்டோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பட்டு வேட்டிக் கதை வந்தபோது அவள்தான் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்பாதானா இப்படி என்று இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தோம். கசிந்த ரேடியேட்டர் குழாயை முதலில் மாற்றினேன். பிறகு அவள் பின்னால் போய், டேங்கிலிருந்து வருகிற வயரை வண்டிப் பாடியில் ஒரு நொடி தொட வைத்தாள். நான் உள்ளே எந்த முள் எழும்புகிறது என்று பார்த்தேன். சூட்டு முள் எழும்பியது. அந்த வயரில் சிவப்பைத் தடவி, இரண்டையும் இடம் மாற்றினேன். வேலை அரை மணி நேரம்தான். அதைப் பன்னிரண்டு வருஷம் செய்யாமல் இருந்திருக்கிறோம்.

ஓட்டிப் பார்க்கக் கயல் ஏறினாள். நான் இடதுபக்கம் உட்கார்ந்தேன். தெருமுனை தாண்டவில்லை, பெட்ரோல் சுத்தமா இல்லம்மா, நேரா பங்குக்கு விடு என்றேன்.

"மாமா, அது சூடு. இப்பத்தான ஸ்டார்ட் பண்ணிருக்கேன்."

உங்கள் பேரன் பின்னாலிருந்து கைதட்டினான். நானும் சிரித்தேன். உங்கள் கார் இப்போது எல்லோருக்கும் புரிகிறது மச்சான். எனக்குத்தான் புரியவில்லை.

அடுத்த நாள் அவள் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்று காலை போன் பண்ணினாள். வண்டி அருமையாக ஓடுகிறதாம், டேங்கை ஃபுல் பண்ணிவிட்டாளாம். நல்லதும்மா என்றேன். போனை வைத்துவிட்டு நின்றேன். என் கண்ணுக்குள் சூட்டு முள் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

உங்கள் மாப்ளே