அப்பா கேட்கும் ஆங்கிலச் சொற்கள்

அன்பு அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவிடம் போனில் உளறிவிடாதே. நாளை ஆங்கிலத் தேர்வு. தேறினால் செப்டம்பரில் நானும் உன்னிடம் டப்ளினுக்கு வந்துவிடுவேன். அதுதான் பயம். அம்மாவும் இல்லாத வீட்டில் அப்பா யாருக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் போடுவார்?

தினமும் பேக்கரியிலிருந்து வந்ததும் என் சொல்லட்டைகளை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். எல்லாவற்றையும் நம் ஸ்பானிஷ் போலவே எழுத்தெழுத்தாக வாசிக்கிறார். ‘நைஃப்’ அவர் வாயில் ‘க்னீஃபே’. சிரித்தால், "பல்லக் காட்டாத, பதில் சொல்லுடி! உங்க அக்காவும் என்கிட்ட திட்டு வாங்கித்தான் பாஸானா" என்கிறார்.

எல்லாமே மனப்பாடம், அக்கா. ஆனால் நாளை வேண்டுமென்றே தப்பாக எழுதிவிடப் போகிறேன். திட்டாதே.

கதவைத் தட்டுகிறார். "முழிச்சிருக்கியா கண்ணு? அந்த அட்டையெல்லாம் இன்னொரு தடவை பாத்துடலாமா? உங்க ரெண்டு பேரையும் பாக்க வர்றப்ப எனக்கும் நாலு வார்த்தை வேணும்ல?"

அக்கா, நான் நாளை எல்லாவற்றையும் சரியாகவே…