பித்தக் குழாயில் நகர்ந்த நிழல்

வியாழக்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, எழுதும் முன் எழுந்துபோய் உன் அம்மாவை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி அவள் கண்ணைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன், வெள்ளையாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அதேபோல நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் உன் அம்மா பக்கத்திலிருந்து என்னைத் திருத்திக்கொண்டே இருப்பாள், நீயும் பாதியிலேயே பதறி டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். இது முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் போனில் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அவர் படித்தாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரமாக அம்மாவுக்கு வாயுத் தொல்லை என்று உன்னிடம் சொன்னது பொய். சொன்னவன் நான், சொல்லச் சொன்னவள் அவள்.

போன மாதக் கடைசித் திங்கட்கிழமை காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே குனிந்துவிட்டாள். வலது விலாவுக்குக் கீழே யாரோ துணியைப் பிழிவதுபோல வலி என்றாள். வாந்தி எடுத்தாள், சுடுதண்ணீர் குடித்தாள், படுத்தாள். மறுநாள் விடிந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஸ்கேன் எடுத்தார்கள், எடுத்தது வேலைக்குப் புதிதாக வந்த யாரோ ஒருவர். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய் ஒன்று இருக்கிறது, சாதாரணமாகப் பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்குமாம், அது வீங்கி உள்ளே நீளமாக ஏதோ நிழல் தெரிகிறது என்று ரிப்போர்ட் வந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் என்னை வராந்தாவில் எடை பார்க்கும் மெஷின் பக்கம் கூட்டிப் போனார். "கட்டியா இருக்கலாம்னு சந்தேகப்படறோம். அம்மாவுக்கு வயசு அறுபத்தொண்ணு, மஞ்சக்காமாலையும் திடீர்னு வந்திருக்கு. சீனியர் டாக்டரம்மா லீவுல இருக்காங்க, திங்கட்கிழமை வந்து இன்னொரு ஸ்கேன் பாக்கட்டும். அதுவரைக்கும் மனசைக் கொஞ்சம் தயார் பண்ணி வச்சுக்கோங்க" என்றார். அந்த வியாதியின் பேரை அவரும் சொல்லவில்லை நானும் கேட்கவில்லை. நடுவில் நாலு நாள். உன் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளே அவள், "என்னங்க, உங்க மூஞ்சி ஞாயித்துக்கிழமை ஆபீஸ் மாதிரி பூட்டிக் கிடக்கு, எனக்கு என்னன்னு தெரியாதுன்னா நினைக்கிறீங்க, பேர் உறுதியாகட்டும், அதுக்கப்புறம் மூத்தவகிட்ட சொல்லிக்கலாம், அங்க புது வேலையில உக்காந்து அழுதுக்கிட்டிருக்க வேணாம்" என்றாள். அந்த நாலு நாளும் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, உடம்பு கெட்டவளுக்குப் பச்சைக் காய் நல்லது என்று பின்பக்கத் தோட்டத்து கேரட்டைக் கழுவி டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனதுதான். அவளால் ஒன்றும் தின்ன முடியவில்லை. அது எவ்வளவு நல்லதாயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

திங்கட்கிழமை ஸ்கேன் டாக்டரம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், அதிகம் பேசமாட்டார். சின்ன அறை, விளக்கை அணைத்துவிட்டார்கள், என்னையும் உள்ளே நிற்க விட்டார். அம்மாவின் வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை விலாவுக்குக் கீழே அழுத்தி, மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்கம்மா என்றார். நிறுத்தினாள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார். மறுபடி நிறுத்தச் சொன்னார், மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை கழுத்திலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். "இங்க பாருங்க. அம்மா மூச்சை நிறுத்திட்டாங்க. இது நிறுத்தலை" என்றார். கறுப்புக் குழாய்க்குள்ளே இரண்டு வெள்ளைக் கோடுகள் தண்டவாளம்போல ஒன்றையொன்று ஒட்டி ஓடின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தண்டவாளம் மெதுவாக வளைந்தது, நின்றது, திரும்ப நிமிர்ந்தது. அவசரமே இல்லை அதற்கு. "கட்டி இப்படித் திரும்பிப் படுக்காதுங்க. இது உருளைப்புழு, வயித்துல பூச்சின்னு சொல்வோமே அதுதான். குடல்ல இருக்க வேண்டியது, வழி தெரியாம பித்தக் குழாய்க்குள்ள ஏறிடுச்சு" என்றார். நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். படுக்கையிலிருந்து உன் அம்மா, "உள்ள யாரு, எனக்குத் தெரிஞ்சவங்களா" என்று கேட்டாள். டாக்டரம்மா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

மறுநாள் வாய்வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பிடித்து இழுத்தார்கள். கத்தி வைக்கவில்லை. இருபத்தேழு சென்டிமீட்டர், நானே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வெளிறிய ரோஜா நிறம், பென்சில் கனம், இரண்டு முனையும் கூர்மை, கண் இல்லை, கால் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கொக்கிகூட இல்லை. குடல் ஓயாமல் கீழே தள்ளிக்கொண்டே இருக்குமாம், இது வெறும் உடம்பை நெளித்து எதிர்நீச்சல் போட்டே வருஷக்கணக்கில் இருந்த இடத்தில் இருக்குமாம். பெண் புழு என்றாள் லேப்பில் வேலை பார்க்கும் பெண், ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை இடும் என்றாள். நான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன், ஒரு நாளைக்குத்தான். பிறகு அது வந்த வழியைச் சொன்னாள், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. முட்டை கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் சில வாரம் கிடந்து உள்ளே குஞ்சு தயாராகும். காயோடு வாய்க்குள் போனால் குடலில் பொரிக்கும். பொரித்த இடமே அது கடைசியாகக் குடியிருக்கப்போகும் இடம், ஆனால் அங்கே நிற்காது. குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் இறங்கி ஈரலுக்குப் போய், இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கே சில நாள் வளர்ந்து, மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வந்து, நாம் எச்சிலோடு விழுங்கினால் மறுபடி அதே குடலுக்கு வந்து சேரும். எதற்கு இந்தச் சுற்று என்று கேட்டேன். "அது யாருக்கும் உறுதியாத் தெரியாது சார்" என்றாள். தொண்டை வரை ஏறி வந்து நம்மை விழுங்கவைக்க வேண்டும் என்று கண்ணில்லாத அந்த நூலுக்கு யார் சொன்னது. மூச்சுக்குழாயில் ஏறும்போது வறட்டு இருமல் வரும் என்றும் சொன்னாள். நாலு மாதம் முன்பு நீங்கள் இருவரும் லீவில் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனீர்களே, நீங்கள் கிளம்பிய மறு வாரம் அம்மாவுக்கு வறட்டு இருமல், நாங்கள் மின்விசிறியைத் திட்டினோம். அதே வாரம் உனக்கும் அங்கே இருமல், நீ ஆபீஸ் ஏசியைத் திட்டினாய். லேப் வாசலில் நின்றபோது எனக்கு இது ஞாபகம் வந்தது.

இனி எழுதப்போவது என் தப்பு. இத்தனை நாள் எந்தத் தண்ணி குடிக்கிறீங்க என்ன காய் சாப்பிடறீங்க என்று அந்தப் பெண் கேட்டபோது, நான் முப்பத்தொரு வருஷம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன், எங்கள் வீட்டுக் காயெல்லாம் சொந்தத் தோட்டம், பறித்ததும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துத்தான் உள்ளே கொண்டுவருவேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எரு என்ன போடறீங்க என்றாள். நிலையத்தில் காய்ந்த சகதி என்றேன். உனக்குத் தெரியும், ஊர்க் கழிவெல்லாம் தொட்டியில் அடங்கி, வெயிலில் காய்ந்து, டீத்தூள்போல உதிரும். வாசனை போயிருக்கிறதா, கையில் ஒட்டாமல் உதிர்கிறதா என்று பார்ப்போம், இரண்டும் சரியாக இருந்தால் சுத்தம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. ரிட்டயர் ஆன பிறகும் பழைய ஆட்கள் எனக்கு மூட்டை கட்டி வைப்பார்கள். அந்தப் பெண் ஒரு ஸ்பூன் மண் கொண்டுவாங்க சார் என்றாள். கேரட் பாத்தியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் தன் வேலைக்கு நடுவே அதை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு வடித்து வைத்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள். தேன் நிறத்தில் உருண்டை உருண்டையாக, மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்தன. சிலவற்றுக்குள்ளே மெல்லிய நூல் ஒன்று சுருண்டு படுத்திருந்தது, பார்க்கும்போதே புரண்டது. பிறகு என் கண்ணெதிரிலேயே அதில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினாள், நான் தொட்டியில் போடுவதைவிடப் பல மடங்கு கெட்டியானது. முண்டும் முடிச்சும் கரைந்து போயின. மேல்சட்டையைக் கழற்றிவிட்டு வழவழவென்று நின்ற முட்டைக்குள் அந்த நூல் மறுபடி புரண்டது. "முப்பத்தொரு வருஷமா நீங்க போட்ட குளோரின் இதுக்குக் குளிக்கிற தண்ணி சார்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, அவளும் என்னைப்போலவே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நன்றாகச் சூடு ஏறினால் சாகும், கொதித்தால் சாகும், மற்றபடி மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்குமாம். நான் கிருமி என்றால் எதையும் கொன்றுவிடலாம் என்று நம்பியே வேலைக்குப் போய் வந்திருக்கிறேன் மகளே. அந்த நிலையத்தில் என் காலடியில் எத்தனை கோடி இப்படிப் படுத்துக்கொண்டு ஷிஃப்ட் முடிவதற்காகக் காத்திருந்ததோ.

அன்று மாலையே தையல்காரர் வீட்டுக்குப் போனேன், அவருக்கும் இரண்டு மூட்டை கொடுத்திருந்தேன், மூன்று பிள்ளைகள் அவருக்கு. சொல்லி முடிக்கும்வரை அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் மனைவிதான், "எரு தர்றீங்கன்னு பாத்தா புழுவையும் சேத்து அளந்து தந்திருக்கீங்களேண்ணே" என்றாள். தையல்காரர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "நீங்க வந்து சொன்னீங்க இல்ல, போதும்" என்றார். மறுநாள் எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம், சின்னவனுக்கு மட்டும் இருந்தது, பூச்சி மாத்திரை எல்லோருக்கும் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுப் பாத்தியிலும் இனிப் பச்சையாகத் தின்னும் எதுவும் போடுவதில்லை, பூச்செடிதான். நிலையத்துக்கும் போய் மேஸ்திரியிடம் சொன்னேன், மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், அதற்கு எனக்குக் கிடைத்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

உன் அம்மா வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. மாத்திரைக்குப் பிறகு இன்னும் மூன்று வெளியே வந்தன, இப்போது ஒன்றும் இல்லை என்று நேற்றுப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அந்தப் புழுவைப் போட்டு வைத்திருந்த பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அருவருப்பாள் என்று நினைத்தேன். "ஈரல், இதயம், நுரையீரல்னு எல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு, நம்ம குடும்பத்துல யாரும் இவ்வளவு ஊர் பாத்ததில்லங்க" என்றாள். பிறகு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேரட் தோலைச் சீவறேன்னு எத்தனை தடவை சொன்னேன், தோல்லதான் சத்து இருக்குன்னு யார் சொன்னது என்று கேட்டாள். நியாயம்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அந்தப் பத்து நாளும் நீங்கள் இருவரும் அந்தப் பாத்தி கேரட்டைத்தான் தின்றீர்கள், மாப்பிள்ளை நடந்துகொண்டே கடித்தார், நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளைக்கே இருவரும் டாக்டரிடம் போங்கள். அங்கே உள்ளவர்கள் இதை அதிகம் பார்த்திருக்கமாட்டார்கள், வெறும் வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள், நீ விடாதே, உருளைப்புழு என்று பேரைச் சொல்லி மலப் பரிசோதனை கேள், அம்மாவுக்கு நடந்ததைச் சொல். பயப்படாதே, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொட்டால் ஒட்டாது, முட்டை மண்ணில் கிடந்து பழுத்தால்தான் ஆள் பிடிக்கும். பூச்சி இருந்தாலும் பெரும்பாலும் ஒரே மாத்திரையில் போய்விடும். வயிற்றின் வலது பக்கம் வலித்தால் மட்டும் காத்திருக்காதே. மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ திட்டுவாய், அதனால் எழுதவில்லை.

இதுவரை வாசித்துக் காட்டியபோது உன் அம்மா ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு தடவை பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாயாம், டீ பிடிக்கவில்லை என்றாயாம், எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. உண்டாகியிருந்தால் ஆரம்ப மாதங்களில் அந்த மாத்திரையைப் போடக்கூடாதாம், டாக்டரம்மாவிடம் அவளே கேட்டு வைத்திருக்கிறாள், ஏன் கேட்டாள் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அதனால் நீயாக எதையும் வாங்கி விழுங்காதே, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பிறகு போடு. பூச்சி இருக்கிறதா இல்லையா என்பதை அங்கே லேப்பில் சொல்லிவிடுவார்கள். மற்றது இருக்கிறதா என்பதை நீதான் எங்களுக்குச் சொல்ல வேண்டும், அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்பு அப்பா