நாற்பத்தொரு குரல்கள்

பிப்ரவரி 3
ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஒரு நாள் முழுதும் போகிறது. நாற்பத்தொரு பேர், அறுபது மணி நேர வியட்நாமியப் பேச்சு. எல்லாம் செக் தலைநகர் பிராகில், எங்கள் வியட்நாமியர்களின் லிபுஷ் சந்தையில் நானே நான்கு ஆண்டுகளாகப் பதிந்தது. எங்கள் பேச்சைக் கணினி புரிந்துகொண்டால் என் முனைவர் பட்டமும் முடியும். வெளியே பனிச்சேறு.

பிப்ரவரி 11
என் வழிகாட்டி கோஹோட் மொத்தப் பதிவையும் ஒரு நிறுவனத்துக்குத் தரப்போகிறார். குரலை வைத்தே ஆள் எந்த மாகாணம் என்று சொல்லும் கருவியாம். யாருக்கு? விசா அலுவலகங்களுக்கு! காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:
"வெளியாருக்குத் தரலாம்னு சம்மதப் படிவத்துலயே இருக்கேம்மா. கையெழுத்து வாங்கிட்டு வந்தது நீதானே?"
நான்தான்.

பிப்ரவரி 12
படிவம் செக் மொழியில் இருந்தது. மொழிபெயர்க்க ஒரு நாள் போதும். செய்யவில்லை. சந்தையில் யாரும் செக் தாளைப் படிப்பதில்லை. இங்கே பள்ளிக்குப் போன பிள்ளை விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பத்து வயதிலிருந்து எல்லாருக்கும் நான் அப்படித்தான் விரல் வைத்தேன். வாடகை, தடுப்பூசி, வரி. பிறகு இது. மொழி ஆராய்ச்சியாளராம், மூஞ்சி! கோஹோட்டைத் திட்ட உட்கார்ந்தேன் — யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்?

பிப்ரவரி 15
ஞான் சித்தியின் சூப் கடையில் உண்மையைச் சொன்னேன். கொத்தமல்லி நறுக்கும் கை நிற்கவில்லை.
"என் புருஷன் எப்படி எல்லை தாண்டினான்னு அதுல சொல்லியிருக்கேன்டீ."
"தெரியும் சித்தி."
"தெரியுமாம்! உன்னை நம்பினதுக்குத் தொட்டியில இருக்கற கெண்டையை நம்பியிருக்கலாம். வாயைத் திறக்கும், மூடும். ஊருக்குச் சொல்லாது."
பக்கத்து மேசை சிரித்தது. நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்ற படிவத்தின் பத்தியைப் படித்துக் காட்டினேன்.
"அப்போ உன் படிப்பு?"
"போயிடும்."
"போகட்டும்."
ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. வரக் கூடாது, வந்தது.

பிப்ரவரி 19, புதன்
துறை அலுவலகம் ஒன்பது முதல் பதினொன்று வரைதான். எட்டரைக்கே வரிசை படிக்கட்டில் இறங்கியிருந்தது. குரல் கொடுத்தவர்களில் முப்பத்தெட்டுப் பேர். இந்த முறை, சம்மதத்தைத் திரும்பப் பெறும் தாள் எங்கள் மொழியிலும் இருந்தது. வரி வரியாக, சத்தமாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.
செயலர் யித்கா, "பதினொண்ணுக்கு ஜன்னலை மூடிடுவேன்" என்றாள்.
"மூடிக்கோ தாயி. படியிலயே இருக்கோம், சூப் கொண்டாந்திருக்கோம்," என்றார் சித்தி.
பன்னிரண்டரை வரை முத்திரை குத்தினாள்.
கோஹோட் வெளியே வந்தார். "உன் வேலையை நீயே கொளுத்திட்ட, புரியுதா?"
"என் வேலை சார். அவங்க குரல்."
 

மார்ச் 4
நிறுவனம் விலகிவிட்டது. அன்று வராத மூவரும் இப்போது ஜெர்மனியில். மூன்று குரலை வைத்து என்ன செய்வார்கள்?

மார்ச் 27
கோஹோட் என்னைக் கைவிட்டார். ஆய்வேட்டில் மூன்று அத்தியாயங்களை நீக்கினேன். மிஞ்சியது முன்னுரை. மறுபடி முதல் ஆண்டு மாணவியாகப் பதிய வேண்டும், வேறு வழிகாட்டி கிடைத்தால். இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 12
சூப் கடை. நான் உட்கார்ந்ததும் மேசையில் பேச்சு நின்றது. சித்தி கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். பாதி குடித்திருப்பேன். யாரோ யாருடைய மருமகளையோ திட்டத் தொடங்கினார்கள். நான் இருக்கிறேன் என்று யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.