செண்பகத்தின் டி.சி.

செவ்வாய்க்கிழமை, தென்காசி

செண்பகத்தின் டி.சி.யைக் கேட்டு அவள் அம்மா இன்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாலை ஐந்து மணிக்குத் தலைமையாசிரியையே தொலைபேசியில் சொன்னார்.

காரணம் எங்கள் அறக்கட்டளையின் வீடியோ. படிப்பை விட்டுப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவளை நாங்கள் பத்தாம் வகுப்பில் மறுபடி சேர்த்த கதை. முகத்தை மறைத்திருந்தோம். இலஞ்சியில் எந்தத் தெரு, அப்பாவுக்குத் துபாயில் தச்சு வேலை என்பதையெல்லாம் சேர்க்கச் சொன்னது நான். விவரம் இல்லாத செய்தியை யாரும் நம்பமாட்டார்கள் என்ற நிருபர் புத்தி, பத்திரிகையை விட்ட பிறகும் போகவில்லை.

உடனே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா உட்காரச் சொல்லவில்லை.

"மூஞ்சிய மட்டும் மறைச்சா ஆச்சா அண்ணாச்சி? ஒம் மவ பீடியா சுத்துனான்னு துபாய்ல அவுககிட்ட கூட வேலை பாக்கவுக கேக்காவளாம். ரெண்டு நாளா அவுக சாப்பிடல."

தப்புதான் என்றேன். வீடியோவை எடுத்துவிட்டோம் என்றேன். "எங்க எடுத்திய? எல்லார் போன்லயும்லா கெடக்கு!"

கதவோரம் நின்ற செண்பகம் சொன்னாள்: "பொய்யா இருந்தா இல்லைன்னு சொல்லிரலாம் சார். எல்லாம் சரியால்லா போட்டிருக்கிய."

இவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதம் வாங்க நான்கு மாதம் நடந்தேன். அரசுப் பொதுத்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்.

வியாழன் காலை பதினொரு மணி வரை டி.சி.யில் கையெழுத்துப் போடாமல் வைத்திருப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். நாளை இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து அவள் அப்பா துபாயிலிருந்து என்னிடம் போனில் பேசுவார். அவரிடம் சொல்ல இதுவரை ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை.