நான் ஏறாத விமானம்

மொம்பாசா,
ஜூன் 2020

அன்புள்ள உங்களுக்கு,

நான் விமானத்தைத் தவறவிட்டுவிட்டதாக உத்திர வீதி முழுக்கச் சொல்லிவருகிறீர்களாம். உங்கள் மன்னி போனில் சொன்னார். நான் தவறவிடவில்லை. தெரிந்தேதான் ஏறாமல் இருந்தேன்.

ஊரடங்கில் சிக்கியவர்களை அழைத்துப்போக வந்த விமானம் அது. என்னைக் கேட்காமலே அதில் எனக்கு இடம் வாங்கினீர்கள். அன்று காலை பெட்டியுடன் நான் வேலைக்கு வந்த ஆஸ்பத்திரிக்குப் போனது விடைபெறத்தான். படுக்கைக் கணக்குக்காக எங்கள் கம்பெனி அங்கே நிறுவிய மென்பொருளோ, நிரம்பிய வார்டில் ஆக்சிஜன் படுக்கை காலி என்று காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி அழைத்துவந்த பெரியவர் ஒருவர் வராந்தாவில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். என்னுடன் வந்தவர்கள் எல்லோரும் முன்பே ஊர் திரும்பியிருந்தார்கள்.

"நீங்களும் போயிட்டா நாங்க யாரைக் கேக்கறது?" என்றாள் நர்ஸ் அச்சியெங். அவள் குரலில் கெஞ்சல்கூட இல்லை.

பெட்டியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். கோளாறைச் சரிசெய்து, உண்மையிலேயே காலியான படுக்கை எது என்று திரையில் தெரிந்தபோது விமானம் கிளம்பிவிட்டிருந்தது.

"வரலேன்னா இனிமே இந்த ஆத்துப் படி ஏறாதே" என்று போனில் சொன்னீர்கள். உங்கள் பக்கத்தில் நம் பெண் யமுனா இருந்தாள். நான் பதில் சொல்ல வேண்டியது அவளுக்கு மட்டும்தான். நேற்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தத் தாத்தா ஆத்துக்குப் போயிட்டாராம்மா?" என்று கேட்டாள்.

குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்.

இங்கே வேலை முடிந்ததும் வருவேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நீங்கள் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் டாக்சி பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் யமுனா திறப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி