மாதா சுரூபம் இருக்கும் வீடு

அன்பு மகளுக்கு,

'சேசுவுக்கே புகழ்' என்று தொடங்கினால் உனக்குப் பிடிக்காது. நீ போய்ச் சேர்ந்த சபையின் 'ஸ்தோத்திரம்' எனக்குக் கைவராது. இரண்டையும் விட்டுவிட்டேன். சொல்ல வேண்டியவை மூன்று:

1. ஒன்றிப்புக் கூட்டம்.
2. மாதா சுரூபத்தை எடுக்க மாட்டேன்.
3. உன் அம்மா.

ஞாயிறு மாலை காரைக்காலில் எல்லாச் சபைகளும் சேர்ந்து ஜெபித்தன. எங்கள் பங்குச் சாமியாரும் உங்கள் பாஸ்டரும் மேடையில் கட்டித் தழுவி, "கிறிஸ்துவில் நாம் ஒரே திருச்சபை" என்றார்கள். எனக்குக் கண் கலங்கியது. பிறகு பிரியாணிப் பந்தி. "சிலையக் கும்புடுறவங்களோட என்னத்த ஒரே சபை?" என்று பாஸ்டர் தன் ஆட்களிடம் சிரித்தார். அடுத்த வரிசையில் சாமியார், "கீத்துக் கொட்டகை போட்டுக் கத்துறவனெல்லாம் பாஸ்டராம்" என்றார். தவறாகக் கேட்டேனோ என்று பக்கத்திலிருந்தவரை விசாரித்தேன். அவருக்கும் அப்படியேதான் கேட்டிருந்தது. பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். இந்த இருவரை வைத்தா கடவுள் ஒரு சபை கட்டுவார்?

அந்தப் பாஸ்டர் பேச்சைக் கேட்டுத்தான், சுரூபம் உள்ள வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று நீ கோட்டுச்சேரியிலேயே இருக்கிறாய். அம்மா படுக்கையில் கிடந்தபடி வாசலையே பார்க்கிறாள்.

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவ வந்துட்டுப் போற வரைக்கும் மாதா அடுப்படியில இருக்கட்டுங்க. அவங்களும் புள்ளையப் பெத்தவங்கதானே, கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள்.

இரண்டாவதாக எழுதியது தவறு. காலையிலேயே வா.

உன் அப்பா