துவைத்தெடுத்த போன்

அம்மணி,

டூட்டி முடிந்து வந்து தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. பயம் என்று படித்தாலும் சரிதான்.

சமாதானமாகப் போகலாம் என்று உன் யூனிஃபார்மை மெஷினில் போட்டேன். பாக்கெட்டைப் பார்க்கவில்லை. உன் புதுப் போனும் நாற்பது நிமிடம் சோப்பு நீரில் சுற்றியது. எடுத்தால், சமர்த்தாக மணி காட்டுகிறது!

"இந்தக் காசுக்கு என் போன் மாதிரி அஞ்சு வாங்கலாம். ரிப்பேர் கடைக்காரன் சொல்றேன், கேளு" என்று அன்றைக்குக் கத்தினேன். மூன்று நாளாக நீ பேசவில்லை. கடைக்காரன் இப்போது வேறு சொல்கிறான். மலிவுப் போன்கள் டீ சிந்தினாலே என் மேசைக்கு வந்துவிடும். இதில் சிம் தட்டுக்குக்கூட ரப்பர் வளையம், கண்ணாடி விளிம்பெல்லாம் பசை. யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு அக்கறை. விலை அங்கேதான் போயிருக்கிறது.

ஃபேன் முன்னால் காய்கிறது. நாளைவரை சார்ஜ் போடாதே. ரொட்டியும் முட்டையும் மூடி வைத்திருக்கிறேன். சாவி என்னிடம் ஒன்று இருக்கிறது, தாழ்ப்பாள் மட்டும் போடாதே.

பி.கு: உன் போன் திரையைத் தொட்டதும் படமாக நான் வந்தேன், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு. நெற்றியில் நேற்று ஒட்டிய பிளாஸ்திரி. நீ ஏறிட்டும் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்தேன். திரைச்சீலை மூடிய அறையில் மீசையின் நரைகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. என் போனில் எடுத்திருந்தால் கரடி என்பார்கள்.

கேமராவுக்குக் கொடுத்த காசும் தகும். படத்தை மாற்றிவிடாதே.